இது என்ன செடி, டீச்சர்?

ஐப்பசி மழை பெய்து பத்து நாள் ஆனால் போதும், எனக்குக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். கொல்லை, வரப்பு, மொட்டை மாடித் தொட்டி, தண்டவாள ஓரம் என்று எங்கெங்கோ முளைத்ததைப் பறித்துக் கவரில் போட்டு அனுப்புகிறீர்கள். 32 வருஷம் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவளுக்கு இதைவிட வேறென்ன சந்தோஷம்! ஒரே ஒரு வேண்டுகோள். செல்போனில் நுனி இலையை மட்டும் படம் எடுத்து அனுப்பாதீர்கள். முழுச் செடி ஒரு படம், இலையின் அடிப்பக்கம் ஒரு படம், பூ எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று ஒரு படம் வேண்டும். கிள்ளினால் பால் வருகிறதா, கசக்கினால் என்ன வாசம், தண்ணீர் தேங்கும் இடத்தில் முளைத்ததா காய்ந்த தரையிலா என்று இரண்டு வரி எழுதுங்கள். பெயரை வைத்து நான் எதையும் சொல்ல மாட்டேன். ஒரே பெயரில் நாலு செடி உண்டு, ஒரே செடிக்கு ஊருக்கு ஒரு பெயர் உண்டு.

நேரடி விதைப்பு செய்த வயலில் நெல்லோடு நெல்லாக ஒரு புல் வந்துவிடுகிறது. கதிர் வெளியே வந்த பிறகுதான் அது நெல் இல்லை என்று தெரிகிறது. இளம்பயிரிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?
– விவசாயி, மன்னார்குடி

உண்டு ஐயா, உறுதியான வழியே இருக்கிறது. நீங்கள் அனுப்பியது காட்டுக் குதிரைவாலி. நாம் சோறாக்கிச் சாப்பிடும் குதிரைவாலிக்கு நெருங்கிய சொந்தம். நடவு வயலில் வரிசைக்கு வெளியே நிற்பதைப் பிடுங்கிவிடலாம். விதைப்பு வயலில் வரிசையே கிடையாது என்பதால் அது தைரியமாக ஒளிந்துகொள்கிறது.

இலை தண்டிலிருந்து பிரியும் இடத்தைப் பாருங்கள். இலையை மெதுவாக வெளிப்பக்கம் வளைத்தால் அந்த மூட்டு தெரியும். நெல்லாக இருந்தால் அங்கே காகிதம் மாதிரி மெல்லிய, வெள்ளையான ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் இரண்டு பக்கமும் அரிவாள்போல வளைந்த, மயிர் முளைத்த சின்னக் காதுகள் இருக்கும். களையில் நாக்கும் கிடையாது, காதும் கிடையாது. அந்த இடம் மழமழவென்று மொட்டையாக இருக்கும். பயிர் முற்றினால் நெல்லின் காது சில சமயம் உதிர்ந்துவிடும், ஆனால் நாக்கு போகாது. அதனால் நாக்கை நம்புங்கள்.

நான் பார்த்தவரை, களையெடுக்கும் பெண்கள் இவ்வளவு தூரம் குனிந்து பார்ப்பதே இல்லை. அடித்தண்டைப் பிடித்ததும் சொல்லிவிடுகிறார்கள். களையின் அடி கொஞ்சம் தட்டையாக இருக்கும், பெரும்பாலும் செவ்வூதாச் சாயல் அடிக்கும். சில செடிகளில் இலையின் குறுக்கே ஊதாப் பட்டைகள்கூட இருக்கும். விதைத்த பதினைந்து, இருபது நாளுக்குள் ஒரு தடவை வயலில் இறங்கி எடுத்துவிடுங்கள். கதிர் வரட்டும் என்று காத்திருக்கவே கூடாது. நெல் அறுவடைக்கு முன்னாலேயே அது விதையைக் கொட்டிவிடும், அடுத்த போகத்துக்கும் அதே தொல்லைதான்.

நர்சரியில் 'மஞ்சள் கரிசலாங்கண்ணி' என்று சொல்லிக் கொடுத்தார்கள். தொட்டியை விட்டு இறங்கித் தரையெல்லாம் பரவிவிட்டது. ஈரலுக்கு நல்லது என்கிறார்களே, தினம் நாலு இலை சாப்பிடலாமா?
– இல்லத்தரசி, மதுரை

வேண்டாம் அம்மா. சாப்பிட ஆரம்பிக்கும் முன்பு எழுதிக் கேட்டீர்களே, அதுவே பெரிய நிம்மதி.

நீங்கள் கவரில் வைத்த இலையை மேசையில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நுனிக்குக் கொஞ்சம் கீழே இரண்டு பக்கமும் ஒவ்வொரு மடல் பிதுங்கி, இலை மூன்றாகப் பிரிந்த மாதிரி இருக்கிறது. மேல்புறம் எண்ணெய் தடவியதுபோல மினுமினுப்பு. இது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவந்த செடி, ஸ்பாக்னெட்டிகோலா டிரைலோபேட்டா. ஓட்டல் முகப்பிலும் சாலை நடுத்திட்டிலும் பச்சைக் கம்பளம்போல வளர்ப்பது இதைத்தான். உலகத்தின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் போட்ட பட்டியலில் இதுவும் இருக்கிறது. சித்த மருத்துவம் சொல்லும் மஞ்சள் கரிசலாங்கண்ணி இதன் ஒன்றுவிட்ட சகோதரி. அதன் இலை நீளமாக, ஒடுங்கி, மடல் பிரியாமல் இருக்கும். தொட்டால் சொரசொரப்பு தெரியும். இரண்டிலும் பூ மஞ்சள் என்பதால் விற்பவர்களும் குழம்புகிறார்கள், வாங்குபவர்களும் குழம்புகிறார்கள்.

வெள்ளைப் பூ பூக்கும் சாதாரணக் கரிசலாங்கண்ணிக்கு ஒரு சோதனை இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போய் இதைச் செய்ய வைப்பேன். தண்டை ஒடித்து, கசக்கி, உள்ளங்கையில் தேய்க்க வேண்டும். முதலில் பச்சைச் சாறுதான். மூடிய கையைக் கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் ரேகையெல்லாம் நீலக்கறுப்பாக ஓடியிருக்கும். சோப்புப் போட்டாலும் உடனே போகாது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் எல்லாரும் கையைக் காட்டிக்கொண்டே போவார்கள்.

அந்தப் பிள்ளைகள் கரிசலாங்கண்ணி என்று பறித்துவருவதில் பாதி வெட்டுக்காயப் பூண்டாக இருக்கும். அதன் பூ இலையை விட்டு ஒரு சாண் உயரத்தில், மொட்டைக் காம்பின் உச்சியில் தனியாக நிற்கும். நடுவில் மஞ்சள், சுற்றி வெள்ளை இதழ்கள் சில, ஒவ்வொரு இதழின் நுனியிலும் மூன்று பல். கரிசலாங்கண்ணிப் பூ சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். இதழ்கள் நூல்போல மெலிசாக நெருக்கமாக இருக்கும்.

உங்கள் தொட்டிச் செடிக்கு வருவோம். அது ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். பிடுங்கியதை வாய்க்காலிலோ குப்பை மேட்டிலோ போட்டால் அங்கேயும் பிடித்துக்கொள்ளும். மொட்டை மாடிச் சிமெண்ட் தரையில் பரப்பி, மொறுமொறுவென்று காயும்வரை வெயிலில் விடுங்கள்.

எங்கள் தோட்டத்தில் கீழாநெல்லி மூன்று தினுசாக இருக்கிறது. எது உண்மையானது? மாமாவுக்கு மஞ்சள் காமாலை, அரைத்துக் கொடுக்கப் பறிக்கச் சொன்னார்கள்.
– கல்லூரி மாணவர், சேலம்

தம்பி, முதலில் மாமாவை மருத்துவரிடம் கூட்டிப்போய் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். காமாலை என்பது ஒரு நோய் இல்லை, பல நோய்கள் காட்டும் ஓர் அறிகுறி. வைரஸாலும் வரலாம், பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலும் வரலாம், குடியாலும் வரலாம். கல் அடைத்தவருக்கு எந்த இலையை அரைத்துக் கொடுத்தும் பயனில்லை, நாள்தான் வீணாகும்.

சரி, செடிகளுக்கு வருகிறேன். மூன்றையும் வேரோடு அனுப்பியதற்கு நன்றி. கீழாநெல்லியில் புளிய இலை மாதிரித் தெரிகிறதே, அது உண்மையில் ஓர் இலை இல்லை, சின்னக் கிளை. அதைத் திருப்பிப் போடுங்கள். அடியில் வரிசையாகக் காய்கள் இருக்கும். 'அ' என்று நீங்கள் குறித்த செடியில் காய்க்குச் சிறு காம்பு இருக்கிறது, காய் வழுவழுப்பாக இருக்கிறது. இதுதான் கீழாநெல்லி. 'ஆ' செடியில் தண்டு சிவந்திருக்கிறது. காய் காம்பில்லாமல் கிளையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் காயின் மேல் சொறிபோலப் புடைப்புகள் தெரியும். இது சிவப்புக் கீழாநெல்லி. 'இ' மேலாநெல்லி. இலை நுனியில் அகன்று அடியில் ஒடுங்கி ஆப்புப்போல இருக்கும், புளிய இலைத் தோற்றமே வராது. ராத்திரி டார்ச் அடித்துக் கீழாநெல்லியைப் பாருங்கள், இலைகள் மடிந்து தூங்கிக்கொண்டிருக்கும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று நினைக்கலாம். 1988இல் சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைடிஸ் பி கிருமியை நீண்ட நாள் உடலில் வைத்திருந்தவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்து, முடிவை லான்செட் இதழில் வெளியிட்டார்கள். செடியை எடுத்துக்கொண்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்திருந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. பிற்பாடு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம் ஊர்க் கீழாநெல்லியை ரொம்ப காலம் பிலாந்தஸ் நிரூரி என்றே புத்தகங்களில் எழுதிவந்தார்கள். அது அமெரிக்காவில் வளரும் வேறொரு செடி, நம்முடையது பிலாந்தஸ் அமாரஸ். இந்தப் பெயர்க் குழப்பத்தால், பழைய கட்டுரை எதைப் படித்தாலும் அவர்கள் எந்தச் செடியைக் கையில் வைத்திருந்தார்கள் என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் நிற்கும் உங்களுக்கும் அதே கேள்விதான்.

எங்கட வீட்டுப் பூனை ஒரு செடியின்ர வேரைத் தோண்டி அதில உருண்டு புரளுது. இது குப்பைமேனிதானோ? இலைக்கஞ்சிக்குப் போடலாமோ?
– வாசகி, யாழ்ப்பாணம்

பூனையே சரியாகக் கண்டுபிடித்துவிட்டது. குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் உண்டு. அதன் வேரில் பூனைகளுக்கு அப்படி ஒரு மயக்கம்.

நீங்களும் உறுதிப்படுத்திக்கொள்ள, செடிக்கு நேர் மேலே நின்று குனிந்து பாருங்கள். கீழ் இலைகளுக்குக் காம்பு நீளம், மேலே போகப்போகக் குட்டை. அதனால் ஓர் இலை இன்னோர் இலையை மறைப்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் வெயில் கிடைக்கும்படி, தரையில் ஓடு பதித்த மாதிரி பரவியிருக்கும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. அப்புறம், பூக்கதிரில் பச்சையாகக் குட்டிக் கிண்ணங்கள் இருக்கும், ஓரத்தில் பல் வைத்து. பெண் பூ அந்தக் கிண்ணத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கும்.

ஆனால் கஞ்சி விஷயத்தில் உங்களுக்குக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். இலங்கை மருத்துவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு பிறப்பிலேயே உள்ள சிலர், குப்பைமேனி சேர்த்த இலைக்கஞ்சி குடித்த பிறகு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார்கள். சிறுநீர் கறுத்துப் போகும், கண் மஞ்சளாகும், மூச்சு வாங்கும். இந்தக் குறைபாடு இருப்பது பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது, ஏனென்றால் மற்ற நாட்களில் எந்தத் தொந்தரவும் இருக்காது. வெளிப்பூச்சுக்கு எங்கள் வீட்டிலும் அரைத்திருக்கிறோம். கஞ்சியில் போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள், முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளுக்கு.

பக்கத்து மனையில் மாசிபத்திரி காடாக வளர்ந்திருக்கிறது. பூஜைக்குப் பறித்த நாளிலிருந்து கை, கழுத்தெல்லாம் அரிப்பு. ஏன்?
– வாசகர், ஓசூர்

அது மாசிபத்திரி இல்லை ஐயா, பார்த்தீனியம். இலை பிளவுபட்டிருப்பதால் பலரும் ஏமாறுகிறார்கள். மாசிபத்திரி இலையின் அடி சாம்பல் வெளுப்பாக இருக்கும், கசக்கினால் வாசம் தூக்கும். பார்த்தீனியத்தின் தண்டில் நீளவாக்கில் வரிவரியாகக் கோடு ஓடும். பூ குண்டூசித் தலையைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பொட்டு. கூர்ந்து பார்த்தால் அதன் விளிம்பில் ஐந்தே ஐந்து இதழ்கள், குழந்தைக்கு முளைக்கும் பால்பல் மாதிரி.

1950களில் புணேயில் கவனிக்கப்பட்ட செடி இது. அங்கிருந்து நாடு முழுக்கப் பரவியது. இறக்குமதிக் கோதுமையோடு வந்தது என்று பரவலாகச் சொல்கிறார்கள். ஒரு செடி 15,000 விதைக்கு மேல் கொட்டும். முளைத்து ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் பூத்துவிடும். தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பு, பூந்தூள் மூக்கில் ஏறினால் சிலருக்கு இரைப்பு. ஒரு முறை ஒத்துக்கொள்ளாமல் போனவருக்கு அடுத்தடுத்த தடவை இன்னும் மோசமாக வரும். அதனால் இனி நீங்கள் கையே வைக்காதீர்கள், தோல் மருத்துவரைப் பாருங்கள்.

பிடுங்குகிறவர்கள் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டு, மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, பூப்பதற்கு முன் வேரோடு எடுக்க வேண்டும். இளஞ்செடி தரையோடு வட்டமாக, முள்ளங்கி இலை விரித்த மாதிரிப் படுத்திருக்கும். அதுதான் சரியான சமயம். அந்தச் செடிகளில் வெளிர் மஞ்சளில் கறுப்புக் கோடு நெளிந்த சின்ன வண்டு மேய்வதைப் பார்த்தால் அதை நசுக்க வேண்டாம். பார்த்தீனியத்தைத் தின்பதற்காகவே மெக்சிகோவிலிருந்து வரவழைத்து, 1984இல் பெங்களூரில் விட்ட வண்டின் வாரிசு அது. மழைக்காலத்தில் இலை முழுவதையும் சல்லடையாக்கிவிடும்.

பருப்புக்கீரை என்று பறித்ததில் சில கொடிகளை ஒடித்தால் பால் வருகிறது. சேர்த்துச் சமைக்கலாமா?
– வாசகி, திருப்பூர்

கூடாது. பருப்புக்கீரையின் தண்டும் இலையும் சதைப்பற்றாக இருக்கும், ஒடித்தால் தண்ணீர்தான் கசியும். பால் வருவது அம்மான் பச்சரிசி இனத்தில் தரையோடு படரும் ஒரு சின்ன வகை. இரண்டும் ஒரே செங்கல் இடுக்கில் பின்னிக்கொண்டு வளரும். என் பாட்டி கீரை ஆயும்போது சந்தேகமான ஒவ்வொரு தண்டையும் நகத்தால் கிள்ளிப் பார்த்துத்தான் முறத்தில் போடுவார். பால் வந்தால் வெளியே. ஆனால் பால் வராததெல்லாம் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊமத்தையில் பால் கிடையாது.

நாட்டு மருந்துக் கடையில் மூக்கிரட்டை என்று தருவது சாரணைதான் என்கிறார்கள். எப்படிப் பிரிப்பது?
– வாசகர், விருதுநகர்

காய்ந்த வேரில் பிரிப்பது கஷ்டம், பச்சையாக இருந்தால் சுலபம். மூக்கிரட்டை இலையைத் திருப்பினால் அடிப்பக்கம் வெளுத்திருக்கும், பூ மெல்லிய காம்பில் கொத்தாக மேலே தூக்கி நிற்கும். சாரணை சதைப்பற்றான செடி. அதன் பூ ஒற்றையாக, இலைக் காம்பின் இடுக்கில் பாதி புதைந்து இருக்கும். இரண்டிலுமே எதிரெதிர் இலைகளில் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. அதை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம்.

டீச்சர், நான் எட்டாவது படிக்கிறேன். எங்கள் ஊர் மணலில் முள் காய்க்கும் ஒரு செடி இருக்கிறது. அதன் தண்டை வாளித் தண்ணீரில் கலக்கியதும் தண்ணீர் கொழகொழ என்று ஆகிவிட்டது. பேய் வேலை என்கிறான் அண்ணன். இது என்ன செடி?
– மாணவி, ராமநாதபுரம் மாவட்டம்

பேயும் இல்லை ஒன்றும் இல்லை கண்ணு. நீ கண்டுபிடித்தது யானை நெருஞ்சி. அதன் இலையிலும் தண்டிலும் ஒருவகைப் பசை இருக்கிறது. தண்ணீரில் கலக்கியதும் அது கரைந்து, முட்டையின் வெள்ளைக் கரு மாதிரித் தண்ணீரைக் கெட்டியாக்கும். சில மணி நேரம் வைத்திருந்தால் தானாகவே இளகிவிடும். எத்தனை மணிக்குக் கலக்கினாய், எத்தனை மணிக்கு இளகியது என்று அண்ணனையும் பக்கத்தில் உட்கார வைத்துக் குறித்துப் பார்.

சாதாரண நெருஞ்சியும் உங்கள் ஊரில் கிடைக்கும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை. நெருஞ்சி தரையோடு படரும், ஒரு காம்பில் ஜோடி ஜோடியாகச் சிற்றிலைகள். யானை நெருஞ்சி சற்று நிமிர்ந்து, தடித்த தனி இலையோடு இருக்கும். காயில் நாலு மூலை, மூலைக்கு ஒரு முள். பெயர்தான் ஒன்று, குடும்பம் வேறு. யானை நெருஞ்சி எள்ளின் குடும்பம். எள் பூத்திருக்கும்போது அதன் பூவையும் இதன் மஞ்சள் பூவையும் சேர்த்துப் பார், குழல் மாதிரி நீண்ட அந்த முக ஜாடை உனக்கே தெரியும்.

ஒரு கிளையைப் பூவோடும் காயோடும் எடுத்துப் பழைய செய்தித்தாளுக்கு நடுவில் வை. மேலே கனமான புத்தகங்களை அடுக்கு. இந்த இலை சதைப்பற்றானது, சீக்கிரம் காயாது. தினமும் தாளை மாற்ற வேண்டும், ஒரு நாள் மறந்தாலும் பூஞ்சணம் பிடித்துவிடும். காய்ந்தால் பூவின் மஞ்சள் மங்கிவிடும். அதனால் பறித்த அன்றைக்கே பூவின் நிறம், ஊர், தேதி, மணலா களிமண்ணா என்று ஒரு சீட்டில் எழுதிச் செடியோடு வைத்துவிடு. நன்றாகக் காய்ந்த பிறகு, முள் குத்தாதபடி அட்டை வைத்து எனக்கும் ஒரு கிளை அனுப்பு. என் சேகரிப்பில் ராமநாதபுரத்து மணலில் எடுத்தது இன்னும் ஒன்றுகூட இல்லை.